டிரைவர் சீட்டு சரியாத்தான் இருக்கு

இல்ல சார், ஒட்டுக் கேக்கல. இந்த ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் கதவு சரியா மூடாது போல. நீங்க வெளிய நின்னு அந்தக் கொடி காட்டுறவர்கிட்ட பேசுனது அப்படியே காதுல விழுந்துச்சு. டிரைவர் சீட்டு சரியாத்தான் இருக்கு, அப்ப பிரேக் வேலை பார்த்தவன் மேலதான் எழுதணும்னு சொன்னீங்க. அந்த பிரேக் வேலை பார்த்தவன் என் கூடப் பிறந்த தம்பி. அதான் ஆள் விட்டு உங்களைக் கூப்பிட்டேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து.

கை பரவால்ல. ஐஸ் வச்சிருக்காங்க. பெல்ட் இழுத்த இடத்துலதான் தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. எலும்பு எதுவும் முறியலன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க.

ஆமா, பக்கத்து சீட்டுல நான்தான் இருந்தேன். வண்டி ரேஸ் டிராக்கை விட்டு வெளிய போயி, ஜல்லியில புதைஞ்சு, பழைய டயரை அடுக்கி வச்ச அந்தச் சுவத்துல மூக்கை முட்டி நின்ன வரைக்கும் கூடவே இருந்தேன். ஆனா என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் எங்க வீட்டுக்காரரைச் சுத்தி நிக்கறாங்க. குரல் கேக்குதுல்ல? மிதிச்சேன், மிதிச்சேன், பிரேக்கே இல்லன்னு. ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் வண்டியோட வேகம் ஏறிட்டே போகுது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா வண்டி பறந்துச்சுன்னு சொல்லிடுவாரு.

நல்லா ஓட்டுவாரான்னு கேக்கறீங்களா? நல்லாப் பேசுவாரு சார்.

சிரிக்காதீங்க. இந்த வண்டி வந்ததுலேருந்து வீட்ல வேற பேச்சே கிடையாது. ரேஸ் ஓட்டுறவங்க போடுற மெல்லிசு ஷூ இருக்கு பாருங்க, அதை வாங்கிப் போட்டுட்டு சமையல்கட்டு வரைக்கும் நடக்கறாரு. கால் நுனியால பிரேக்கை மிதிச்சுட்டே குதிகாலால ஆக்சிலரேட்டரைத் தட்டணுமாம். அதை சோபாவுல உக்காந்து டீப்பாய் காலை மிதிச்சுப் பழகினாரு. டீப்பாய் இப்ப ஒரு பக்கமா நொண்டுது. டிராக்குக்குன்னு போட்ட பிரேக் பேடு, சூடாகாம இருந்தா ரோட்ல கிறீச்சுங்கும்ல? சிக்னல்ல நிக்கறப்ப எல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு மானம் போகும். அவரு கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, ரேஸ் பேடுங்க, அப்படித்தான் கத்தும்னு பக்கத்து ஸ்கூட்டர்காரருக்குப் பாடம் எடுப்பாரு.

என் தம்பி அதுக்கு மேல. அடக்கமான பையன்னு நினைச்சுடாதீங்க, வாய் ஜாஸ்தி. வண்டியைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டுறவங்களை உக்கார வச்சு அளவு பார்ப்பான், தையல்காரன் மாதிரி. இடுப்பு சீட்டோட அடி வரைக்கும் போகணும். பிரேக்கை முழுசா அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கணும். தோளை சீட்டுலேருந்து எடுக்காம கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல வந்து உக்காரணும். இவருக்கு அது பிடிக்கல. சலூன்ல ஷேவிங்குக்குச் சாயுற மாதிரி சாஞ்சு உக்காந்தாதான் இவருக்கு ஸ்போர்ட்ஸ் கார். இதென்ன மாப்ள, மூக்குக் கண்ணாடியைத் தொலைச்சவன் பேப்பர் படிக்கற மாதிரி இருக்குன்னாரு. இவன் விடல. காலை நீட்டி வச்சுக்கிட்டா பலம் எங்கேருந்து மாமா வரும், இந்த பிரேக்கை இடுப்புலேருந்து மிதிக்கணும்னான். அவரை அப்படியே பிடிச்சு முன்னாடி தள்ளி, சீட்டு ஓடுற தண்டவாளத்துல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு குறியும் போட்டுட்டான். நீங்க பார்த்தது அந்தக் குறிதான். சீட்டு கரெக்டா அதுக்கு நேரா இருந்துச்சு, இல்லையா?

தெரியும் சார். ஆட்டியும் பார்த்தீங்க, அசையல. அதுவும் தெரியும். ரிப்போர்ட்ல அதை அடிச்சுட்டு எழுதுங்கன்னு நான் சொல்லல. கொஞ்சம் பொறுங்க.

இப்ப பெடல் கல்லு மாதிரி நிக்குது, பிரேக் ஆயில் எங்கேயும் கசியலன்னு தம்பியே உங்ககிட்ட சொல்லியிருப்பான். ஆனா ஓடுறப்ப ஆயில் கொதிச்சுப் பெடல் தொங்கியிருக்கலாம், ஆறினதும் சரியாப் போயிருக்கும்னு நீங்க சொல்றீங்க. அவனும் அதையேதான் சொல்றான். அவனுக்கு எதிரா அவனே சாட்சி. அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. வண்டிக்கு அடியில ரெண்டு கால் நீட்டிட்டு இருக்குல்ல, அவன்தான். கட்டி இழுத்துட்டு வந்ததுலேருந்து வெளிய வரல. கொஞ்சம் முன்னாடி இங்க வந்து கட்டில் ஓரமா நின்னான். ஊருக்கே பாடம் எடுக்கறவன், நான்தான் பிரேக் குழாய்க்குள்ள எங்கேயோ காத்தை விட்டுட்டேன் போலக்கா, உன்னைக் கொன்னிருப்பேனேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயி அடியில படுத்துட்டான்.

நீங்க அவன் பேரை எழுதிட்டா, அவன் கை வச்ச வண்டி எதையும் இனிமே இந்த கேட்டுக்குள்ள விட மாட்டீங்க, அதானே? விதி அப்படி, புரியுது. பட்டறையே இந்த டிராக்கை நம்பித்தான் போட்டிருக்கான். இப்பவே அவன்கிட்ட வேலைக்கு விட்டிருந்த ஒரு மஞ்சள் வண்டிக்காரர் வந்து, தம்பி, என் சாவியைக் குடுத்துடுன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. எங்க வீட்டுக்காரரோட சொற்பொழிவுக்குப் பலன் உடனே கிடைக்குது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். காலைல டிராக்குல இறங்க வரிசையில நிக்கறப்ப ஃபோட்டோ எடுக்கறவர் வந்தாரு. கூடவே இவரோட கிளப் ஆளுங்க. அதுல ஒருத்தரை எல்லாரும் சேர்மன்னு கூப்பிடுவாங்க, எதுக்குச் சேர்மன்னு யாருக்கும் தெரியாது. அந்த சேர்மன் குனிஞ்சு உள்ள பார்த்துட்டு, என்னப்பா ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கே, டிரைவிங் ஸ்கூலான்னு கேட்டுட்டாரு. அவ்வளவுதான். இவரு சீட்டுக்குக் கீழ இருக்கற கம்பியைத் தூக்கினாரு, சர்ருனு பின்னாடி போனாரு, ஒரு கையை ஜன்னல்ல போட்டு ஒய்யாரமாச் சாஞ்சாரு. படம் எடுத்தாச்சு. அதுக்குள்ள உங்க ஆளு கொடியை ஆட்டிட்டாரு. கிளம்பிட்டோம்.

லாக் விழுந்துச்சான்னா, விழல சார். கம்பி ரெண்டு பல்லுக்கு நடுவுல நின்னிருக்கணும். வளைவுல திரும்புறப்ப சீட்டு லேசா முன்னும் பின்னும் அசைஞ்சுது, எனக்கே தெரிஞ்சுது. சீட்டு ஆடுதுங்கன்னு கத்தினேன். ஹெல்மெட்டுக்குள்ளேருந்து கத்தினா என்ன கேக்கும்? சூப்பரா ஓட்டுறீங்கன்னு சொன்னேன்னு நினைச்சுட்டாரு போல, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு.

அந்த நேர் ரோடு முடியுற இடம். மிதிச்சாரு. அதுல பொய் இல்ல, இருக்கற பலத்தை எல்லாம் குடுத்து மிதிச்சாரு. பெடல் உள்ள போகல, மனுஷன் பின்னாடி போனாரு. சீட்டோட. நான் திரும்பிப் பார்க்கறேன், பக்கத்துல ஆளைக் காணோம், பின்னாடி இருக்காரு. கால் நுனி மட்டும் பெடலைத் தேடுது, நீச்சல் தெரியாதவங்க தண்ணிக்குள்ள தரையைத் தேடுற மாதிரி. பெல்ட் மட்டும் இல்லன்னா டிக்கியிலதான் போயி உக்காந்திருப்பாரு. அப்புறம் ஜல்லி, அப்புறம் டயர் சுவரு.

இருங்க, நீங்க கேக்கப் போறது தெரியுது. அப்ப சீட்டு எப்படிக் குறிக்கு நேரா வந்துச்சுன்னு. எழுதிக்கோங்க, கையெழுத்து வேணும்னாலும் போடுறேன், இடது கைதானே வலிக்குது.

வண்டி நின்னதும் ஒரே தூசி. எதுவும் தெரியல. அடிபட்ட கையைப் பிடிச்சுட்டு என்னங்கன்னு கூப்பிட்டேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிட்டு என்னைப் பார்த்தாரு. அந்தப் பக்கம் உங்க ஆளுங்க ஓடி வர்றதையும் பார்த்தாரு. பெல்ட்டைக் கழட்டினாரு. குனிஞ்சு, கம்பியைத் தூக்கி, சீட்டை முன்னாடி இழுத்து, அந்த வெள்ளைக் குறிக்கு நேராக் கொண்டு வந்து, டக்குனு லாக் விழுற வரைக்கும் ஆட்டி ஆட்டிப் பார்த்தாரு. அதுக்கப்புறம்தான் கதவைத் திறந்து இறங்கினாரு.