கோட்டைக்குள் ஒரே கிணறு

அன்று மழை பெய்ததா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை, ஐயா. மாப்பிள்ளை குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்ததாக ஒரு ஞாபகம். அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். என் சொந்த வாழ்க்கை விஷயத்தில் நான் அவ்வளவு கறாரானவன் இல்லை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய முற்றுகை என்றால் கேளுங்கள், பிசகாமல் சொல்வேன்.

மாப்பிள்ளை என்றது என் தங்கையின் கணவரை. கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளைத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் அவருடையது. ஆயுதங்களும் போர்முறையும் வரலாற்றுப்படி இருக்கின்றனவா என்று பார்க்க என்னை வேலைக்கு வைத்தார். பார்த்தேன். இல்லை.

வீரர்கள் நீள வாளை முதுகில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை உறையிலிருந்து உருவ மனிதனுக்குக் கை நீளம் போதாது. சொன்னேன்.

"பின்னாலேர்ந்து பார்க்க அழகா இருக்கு மச்சான்" என்றார்.

நெருப்பு அம்புகள் வானத்தை நிறைத்தன. பாதி வழியிலேயே அணைந்துவிடும் என்றேன். "அணைஞ்சது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்று சிரித்தார். பொறுத்துக்கொண்டேன். தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமல்லவா.

முற்றுகையில்தான் என் பொறுமை போயிற்று. பல கோட்டைகளை விழவைத்தது கல்லெறி எந்திரம் இல்லை, ஐயா. கெட்டுப்போன தண்ணீர். அம்பு பட்டுச் செத்தவர்களைவிட வயிறு கழிந்து செத்தவர்களே அதிகம். இதையும் விளையாட்டில் சேர்க்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"பேதியாகிச் சாகறதுக்கு எவன் மச்சான் காசு குடுத்து விளையாடுவான்?"

படம் வரையும் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "வாத்தியாரே, நான் கோட்டைய வரையட்டுமா, கக்கூஸ வரையட்டுமா?"

"ரெண்டையும்தான்மா. கக்கூஸ் முதல்ல" என்றேன். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதற்கும் சிரித்தார்கள்.

முற்றுகையிடுவதற்கு முன் எதிரிக்குச் சரணடைய ஒரு வாய்ப்புத் தருவது அந்தக் கால வழக்கம். நானும் தந்தேன். மாப்பிள்ளை தனியாக இருந்தபோது, "கடைசியாக் கேக்கறேன், சேர்த்துக்குங்க" என்றேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்க மச்சான்."

அந்த அலுவலகத்தில் எல்லோரும் குடித்தது மூலையில் இருந்த தண்ணீர் கேனிலிருந்துதான். தீர்ந்ததும் புதுக் கேனைத் தூக்கி வைப்பது என் வேலையாகிவிட்டிருந்தது. மற்றவர்களுக்கு முதுகுவலி. பழைய காலத்தில் முற்றுகையிட்டவர்கள் கிணற்றில் செத்த விலங்குகளைப் போடுவார்கள். படிக்கட்டின் கீழே ஓர் எலி செத்துக் கிடந்தது. அளவில் சிறியதுதான். கோட்டையும் சிறியதுதானே. நான் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை நிறையப் பேசுகிறவர், நிறையத் தண்ணீர் குடிக்கிறவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடியல மச்சான்" என்றார். அவரே அனுபவித்துச் சொன்னதால் நான் விவாதத்தை வளர்க்கவில்லை.

சாப்பாடு கொண்டுவரும் சமையல்காரரின் மீன் குழம்புதான் காரணம் என்று உங்கள் போலீஸ் அறிக்கை சொல்கிறது. படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிழையான வரலாறு அப்படியே நிற்கக் கூடாது. அதற்காகத்தான் நானே வந்தேன்.

மாப்பிள்ளை இறந்துவிட்டார். படம் வரையும் பெண் பிழைத்துவிட்டாள்; பாதி உடம்பாகிவிட்டாள். சமையல்காரர் கடையை மூடிவிட்டார். நிறுவனத்தைத் தங்கை நடத்துகிறாள். கணவர் நினைவாக முற்றுகையில் நோயைச் சேர்த்திருக்கிறாள். கக்கூஸ் மிகச் சரியாக வந்திருக்கிறது. "நீ சொன்னதக் கேட்டிருக்கலாம் அண்ணா" என்று அழுதாள். இன்றுவரை எனக்குச் சாப்பாடு அனுப்பினாள், இனி அனுப்பமாட்டாள்.

வாள் மட்டும் இன்னும் முதுகில்தான் தொங்குகிறது. அதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.