அக்காவின் நாற்காலி கைப்பற்றப்பட்டது குறித்து

என் பெயரும் வயதும் முகவரியும் இத்துடன் உள்ள தனித்தாளில் பதியப்பட்டுள்ளன. தொழில், வழக்குரைஞர். இப்புகாரில் நான் முதல் எதிரி. என்னுடன் வசிக்கும் என் அக்கா இரண்டாம் எதிரி. விசாரணை அதிகாரி கேட்டதன்பேரில், எவர் தூண்டுதலும் இன்றிக் கூறுவதாவது:

என் அக்கா லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் பணியில் இருந்தவர். விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, புகார்தாரர் நிறுவனத்தின் மின்சக்கர நாற்காலியில் நடமாடி வந்தார். அதன் கைப்பிடிக்குள் ஒரு சிறு கணினி உள்ளது. எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள திறந்த மூல இயங்குதளத்தில்தான் அக்கணினி இயங்குகிறது. சென்ற ஆண்டு, வெளிக்கடைகளில் பழுது பார்ப்பதைத் தடுப்பதற்காக, நிறுவனம் இணையம் வழியே அதில் ஒரு மாற்றம் செய்தது. அதன் பிறகு நாற்காலி நிறுவனத்திடம் அடிக்கடி அனுமதி கேட்கும்; சிக்னல் இல்லையென்றால் பிரேக் பூட்டிக்கொள்ளும்.

அவ்வாறு ஒரு நாள் சாலை நடுவில் பூட்டிக்கொண்டது. பேருந்து ஓட்டுநர், "ஏம்மா, நடுரோட்டுல உக்காந்துட்டு என்ன வேடிக்கை?" என்று கத்தினார். என் அக்கா, "நான் உக்காந்து ரொம்ப வருஷமாச்சு தம்பி, இப்ப நின்னது வண்டிதான்" என்றார். நானும் ஒரு பழ வியாபாரியும் நாற்காலியை ஓரத்துக்கு இழுத்தோம். வீடு வந்ததும் அவர் தண்ணீர் கேட்டார்; தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நிறுவனத்தின் சேவைப் பிரிவில் முறையிட்டேன். "சிக்னல் இல்லாத எடத்துக்கு அவங்க ஏன் சார் போகணும்?" என்று கேட்டார்கள்.

அதன் பிறகு நாற்காலியுடன் வந்த கையேட்டைப் படித்தேன். கேட்பவர்க்கு இக்கருவியின் மூலநிரல், அதாவது மென்பொருளைப் படிக்கவும் திருத்தவும் தேவையான மூல வடிவம், வழங்கப்படும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அது சலுகை அன்று, அந்த இயங்குதளத்தின் உரிமம் விதிக்கும் கடமை. எழுதிக் கேட்டேன். நிறுவனத்தின் சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில், "சார், அது எல்லாரும் போடுற வரி. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். "இப்ப நான் கேக்குறேனே" என்றேன்.

பலமுறை நினைவூட்டிய பின், முகப்புக் கடிதத்துடன் ஒரு பென் டிரைவ் வந்தது. அக்கா அதைத் திறந்து பார்த்துச் சிரித்தார். தரவேண்டிய மூலநிரலைப் பிரித்தெடுக்கச் சோம்பி, தங்கள் பணிக்கோப்புறையை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் மின்கையொப்பச் சாவியும் அதில் இருந்தது. அச்சாவியால் ஒப்பமிடாத எந்த நிரலையும் நாற்காலி ஏற்காது. "வீட்டைக் காட்டுடான்னா பீரோ சாவியையும் சேத்து அனுப்பியிருக்கான்" என்றார்.

அதைத் தொட வேண்டாம், முதலில் தெரிவிப்போம் என்றேன். "டேய், நல்லவனா இருக்கிறதுக்கு ஒரு நேரங்காலம் கிடையாதா உனக்கு?" என்று கேட்டார். ஆயினும், தவறுதலாகச் சாவி வந்துள்ளது, திரும்பப் பெற விருப்பமா என்று பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. அதன் பிறகு என் அக்கா அனுமதி கேட்கும் பகுதியை மட்டும் நீக்கி, அச்சாவியால் ஒப்பமிட்டு, தம் நாற்காலியில் ஏற்றினார். நான் தடுக்கவில்லை. அன்று மாலை அவர் துணையின்றிக் கடைத்தெருவுக்குப் போய், எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த உப்பை மறுபடியும் வாங்கி வந்தார்.

அதன் பிறகே சாவியைத் திருடியதாகப் புகார் வந்தது. அது எங்களிடம் இருந்ததற்கு நிறுவனம் காட்டும் ஒரே ஆவணம், நான் அனுப்பிய அந்தப் பதிவுத் தபால். அவர்களுடைய முகப்புக் கடிதத்தை நான் தாக்கல் செய்துள்ளேன். அது புகாருடன் சேர்க்கப்படவில்லை.

நாற்காலியைக் கைப்பற்ற வந்த காவலர், "கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். அக்காவைத் தூக்கிக் கட்டிலில் வைத்தோம். இன்றுவரை அங்கேயே இருக்கிறார்.

அவரும் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டுமென இன்று அழைப்பாணை தந்தீர்கள். அவர் வர மறுக்கவில்லை. அவர் வர வேண்டிய நாற்காலி இந்த அறையின் மூலையில், சான்றுப்பொருள் என்ற அட்டையுடன் இருக்கிறது. நான் உட்கார இடம் கேட்டபோது, "அதுலயே உக்காருங்க சார், காலியாத்தானே கெடக்கு" என்று எழுத்தர் அதைக் காட்டினார்.

எழுதியவற்றைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை. இவ்வளவையும் நின்றபடியே கூறி, நின்றபடியே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
முதல் எதிரி