தேவகி டீச்சர் வைத்த பாயசம்

இல்லம்மா, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடுது. இப்படி ஃபேனுக்கு நேரா உக்காரு. மணி இப்பதான் ஆறு. ஐப்பசி மழை மூடிக்கினு நிக்கறதால ராத்திரி ஆயிட்ட மாதிரி தெரியுது, அவ்ளோதான். உனக்கு வேலை இருக்குதுன்னு எனக்குத் தெரியும், சுகாசினி. ஏழு மணிக்குள்ள அனுப்பிடறேன். ஏழு மணிக்கு எனக்கும் வேலை இருக்குது.

டீயைக் குடி, ஆறிடும். மாடியைக் காலி பண்ணச் சொல்லப் போறேனோன்னு நீ யோசிக்கறது தெரியுது. யோசி. அது இன்னும் முடிவாகல. நீ என்ன பதில் சொல்றியோ அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன். முப்பது வருஷம் பொண்ணுங்களுக்கு சரித்திரம் சொல்லிக் குடுத்தவ நான். விசாரிக்காம தீர்ப்பு சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது.

முதல்ல டி.வி.யைப் பத்திப் பேசுவோம். ஆமா, டி.வி.தான். ஏன், அதுல என்ன ஆச்சரியம்? நீதான் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்லன்னு குடிவந்த அன்னிக்கு சொன்னியே. ஏதோ கம்பெனிக்கு வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர்ல கணக்கு பாக்கறேன்னும் சொன்ன. அதனால உனக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல. தீபாவளியை ஒட்டி நாலு புது நிகழ்ச்சி வந்திருக்குது. நாலையும் முதல் நாள்லேர்ந்து ஒண்ணு விடாம பாத்துக்கினு வர்றேன். நாலு மேலயும் எனக்கு சந்தேகம்.

ஆறரைக்கு ஒண்ணு வருது, இன்னிக்கு உன்னாலதான் அது போவுது. கதாநாயகி கலெக்டர். இதுவரைக்கும் அந்தப் பொண்ணு ஒரு ஃபைலைத் தொறந்து நான் பாக்கல. காலையில பதினாலு பேருக்கு இட்லி ஊத்தறா. மாமியார் கால்ல விழறா. சாயங்காலம் சைரன் வெச்ச கார்ல போயி நாத்தனாரோட கொலுசைத் தேடறா. இந்த மழைக்கு தாமல் ஏரி ஒடைஞ்சா இவளா வந்து நிப்பா? அந்த மாவட்டத்தை உண்மையில யாரு பாத்துக்கறாங்கன்னு எனக்கு முதல் வாரத்துலேர்ந்தே கவலை.

அப்புறம் சனி ஞாயிறு, குழந்தைங்க பாட்டுப் போட்டி. குழந்தை வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே நடுவரம்மாவுக்குக் கண்ணு கலங்குது. கர்ச்சீப் மடிச்சு மடியிலயே ரெடியா இருக்குது. ஒரு பையனுக்கு அப்பா இல்லன்னு சொல்லி எல்லாரும் அழுதாங்க, நானும்தான். ரெண்டு வாரம் கழிச்சு அதே அப்பா மூணாவது வரிசையில உக்காந்து கைதட்டறார். கேட்டா துபாய்ல இருந்தாராம். என் கண்ணீரை யார் திருப்பிக் குடுப்பா?

மூணாவது, நட்சத்திரங்க சமைக்கறது. போன வாரம் பிரியாணி. அரிசியை ஊறவெக்கல, தம் போடல, மூடியைத் தொறந்தா கும்முனு ஆவி மட்டும் வருது. நம்ம வீட்டு வேலைக்கு வர்றாளே கங்கையம்மாள், அவ பெருக்கறதை நிறுத்திட்டுப் பாத்தா. டீச்சரம்மா, அடியில யாரோ சாம்பிராணி போட்டுட்டாங்கன்னு சொல்லிட்டு மறுபடியும் பெருக்க ஆரம்பிச்சா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.

சிரி, சிரி. நாலாவதுக்கு வர்றேன்.

ஒரு சேலை ரெண்டு கரைன்னு பேரு. ஏழு மணிக்கு. நம்ம ஊர்க் கதையாம். ஊரைக் காட்டணும்னா ஒரே கோபுரத்தைத்தான் தெனமும் காட்டறாங்க, ஒரே காக்கா அதே எடத்துலேர்ந்து பறக்குது. வீட்டுக்குள்ள ஒரு தறி இருக்குது, அதுல பாவே ஓடல. வெறும் கட்டை. நூலே இல்லாத தறியில உக்காந்து ஒரு பெரியவர் நாப்பது நாளா நெய்யறார். சரி, அதையெல்லாம் விட்டுட்டேன். கதைதான் முக்கியம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. தங்கச்சி இந்திராணிக்குப் பட்டுக்கடை, கார், நகை. அக்கா தேவகி புருஷனை இழந்தவ. ரிட்டையர்டு டீச்சர்.

நீ டீயைக் கீழ வெச்சுட்ட. இன்னும் பாதி இருக்குதே.

அந்த தேவகி டீச்சர் டி.வி.யைப் பாத்து முடிச்சதும் அது மேல ஒரு துண்டைப் போட்டு மூடறா. ம், அப்படி எத்தனையோ பேர் மூடறாங்கன்னு நெனச்சேன். சாஸர்ல டீயை ஊத்தி ஆத்திக் குடிக்கறா. அதுவும் போகட்டும். ஒரு நாள் யாரோ அவளைக் கேக்கறாங்க, ஏம்மா தங்கச்சிகிட்ட பேசமாட்டேங்கறன்னு. அதுக்கு அவ, காரணத்தைக் கேக்காதவங்களுக்கு நான் காரணம் சொல்றதில்லன்னு சொல்றா. எனக்குக் கையில இருந்த டம்ளர் அப்படியே நின்னுபோச்சு. அது என் வாக்கியம், சுகாசினி. வார்த்தை மாறாம என் வாக்கியம். அதுக்கு முன்னாடி அதை நான் ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொல்லியிருந்தேன்.

இரு, இப்பவே எதுவும் சொல்லாத. நானும் உடனே உன் மேல சந்தேகப்படல. முதல்ல கேபிள்காரனை நெனச்சேன், ஏன்னா அவன் வந்தா எழுந்திரிக்க மாட்டான். அப்புறம் கங்கையம்மாளைக் கூப்பிட்டு வெச்சு விசாரிச்சேன். அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. உங்க வீட்டுக் கதையை வாங்கறதுக்கு எவன் வருவான் டீச்சரம்மான்னு கேட்டா. ரெண்டு நாள் வேலைக்கு வரல. அதுக்கு நான் அவ வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அது உன்னால வந்த செலவு.

போன வெள்ளிக்கிழமை எபிசோடு. அன்னிக்குத்தான் எனக்குச் சந்தேகம் தீந்துபோச்சு.

தீபாவளிக்கு தங்கச்சி வீட்டுலேர்ந்து அதிரசம் வருது. சொந்தக்காரங்களுக்கெல்லாம் வெள்ளித் தட்டுல, பட்டுத்துணி மூடி, வீட்டு மனுஷங்க எடுத்துக்கினு போறாங்க. வாசல்ல வந்து நிக்கறவங்களுக்கு பிளாஸ்டிக் கவர்ல கட்டிக் குடுக்கறாங்க. தேவகி டீச்சருக்கு டிரைவர் கையில ஒரு கவர் வருது. அவ தொடாம, கேட்டோட திருப்பி அனுப்பிச்சிடறா.

குர்பானிக் கறியை அதிரசமாக்கிட்ட. அதைக்கூட நான் குத்தம் சொல்லல, அந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தும். ஆனா அந்த விஷயத்தை நான் உன்கிட்ட எப்ப சொன்னேன்? கரண்ட் போன அன்னிக்கு, இதே எடத்துல, நீ மெழுகுவத்தி கேட்டு வந்தப்போ. பக்ரீத் அன்னிக்கு குர்பானி குடுத்த கறியை நாங்க மூணு பங்கு வெப்போம், வீட்டுக்கு ஒண்ணு, சொந்தத்துக்கு ஒண்ணு, இல்லாதவங்களுக்கு ஒண்ணுன்னு சொன்னேன். சொந்தக்காரங்க பங்கு தூக்குச்சட்டியில வரும், மேல பூ போட்ட துணி கட்டி வரும், வாசல் பங்குதான் கவர்ல போகும்னு சொன்னேன். என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன அந்த வருஷம் இந்த வீட்டுல குர்பானி இல்ல. அந்த வருஷம் பாத்து என் கூடப்பிறந்த தங்கச்சி ஆஷிஃபா எனக்குக் கவர் அனுப்பினான்னு சொன்னேன். பதினோரு வருஷமா ஒரே ஊர்ல இருந்துக்கினு ஒரு கல்யாணத்துல பாத்தாக்கூட வேற பந்தியில உக்காந்து சாப்பிடறோம்னு சொன்னேன். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கினு இருந்த. நல்லாக் கேக்கற பொண்ணுன்னு நெனச்சேன்.

அப்புறமும் எனக்கு ஆதாரம் வேணும். என் தம்பி பேரன் தன்வீரைக் கூப்பிட்டேன். கடைசியில பேருங்க ஓடுதே, அதை யாரும் படிச்சிடக்கூடாதுன்னே அந்த வேகத்துல ஓடவிடறாங்க. அவன் செல்போன்ல நிறுத்திப் பெருசாக்கிக் காட்டினான். வசன உதவி, சுகாசினி.

அழாத. நான் இன்னும் கேள்வியே கேக்கல.

கதை குடுக்கலைன்னா வேலை போயிடும்னு பயமா? அப்போ எங்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே. டீச்சர், உங்க கதையை எடுத்துக்கட்டுமான்னு. நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது தெரிஞ்சுதான் நீ கேக்கல, இல்ல? அந்த ஒரு விஷயத்துல நீ நேர்மையா தலையாட்டற, அதைக் குறிச்சுக்கறேன்.

சரி, கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன்.

நேத்து மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எழுந்திரிச்சேன், போன் அடிச்சுது. நம்பர் தெரியாத நம்பர். எடுத்தேன். பேங்க்லேர்ந்து ஓ.டி.பி. கேக்கற கும்பல்னு நெனச்சு வெக்கப் போனேன். அப்பதான் குரல் வந்துது.

ஆபா, உங்களுக்குக் கவரா வந்துது?

ஆஷிஃபாதான். அக்கான்னு கூப்பிடாம ஆபான்னுதான் கூப்பிடுவா. அவளும் தெனம் ஏழு மணிக்கு அதைத்தான் பாக்கறாளாம். அந்த வருஷம் எனக்குன்னு அவ தன் கையால தூக்குல வெச்சு, அவ நிக்காஹ்வுக்கு எங்கம்மா தெச்சுக் குடுத்த துணியைக் கட்டி வெச்சிருக்கா. அவங்க டிரைவர் முனுசாமி ஆள் மாத்தி அதை வாசல்ல நின்ன யாருக்கோ குடுத்துட்டு, வாசல் கவரை இங்க எடுத்துக்கினு வந்துட்டான். வெள்ளிக்கிழமை எபிசோடைப் பாத்துட்டு இப்பதான் அவனைக் கேட்டுத் தெரிஞ்சுக்கினாளாம். திரும்பி வந்தவன், டீச்சரம்மா வாங்கலன்னு மட்டும் சொல்லியிருக்கான். என்ன எடுத்துக்கினு போனன்னு அவ கேக்கல. அல்லா பேர்ல குடுத்ததை ஆபா திருப்பி அனுப்பிச்சிட்டாங்களேன்னு அவளுக்கு ரோஷம். திரும்பி வந்த துணி காணோம்னு நெனச்சு வேலைக்காரியை வேற நிறுத்தியிருக்கா. நானும் ஏன்னு சொல்லல, அவளும் ஏன்னு கேக்கல. படிச்சவங்க ரெண்டு பேரும்.

அப்புறம் ஒண்ணு கேட்டா. டி.வி.யில சொல்லவெக்கத் தெரிஞ்சவங்களுக்கு, எங்கிட்ட சொல்லத் தெரியலையா ஆபா?

இல்ல. நான் மறுக்கல. மறுத்திருக்கணும், பொய் எனக்குப் பிடிக்காதுன்னு உனக்கே தெரியும். ஆனா அவ குரல்ல ஒரு சந்தோஷம் இருந்துது. ஆபா எனக்காக இவ்ளோ பெரிய ஏற்பாடு பண்ணியிருக்காங்கன்னு. நான் ம், ம்னு கேட்டுக்கினு இருந்துட்டேன். அவ்ளோதான் நான் பண்ணது.

இப்ப விஷயத்துக்கு வா. இன்னிக்குக் காலையில ப்ரோமோ போட்டீங்களே, அது என்ன? தேவகி டீச்சர் தனியா அடுப்பங்கரையில நிக்கறா. தங்கச்சி விருந்துக்கு வரப்போறான்னு பாயசம் கொதிக்குது. இடுப்புலேர்ந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நாலு சொட்டு விடறா. மூஞ்சியில சிவப்பு வெளிச்சம். இடி இடிக்குது. சனிக்கிழமை தவறாதீர்கள்.

ஆஷிஃபா ஒரு ப்ரோமோவை விடறவ இல்ல. பத்து மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் வருது, ஆபா, ஞாயித்துக்கிழமை என்ன சமைக்கப் போறீங்கன்னு. வர்றாம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க சாப்பிட வர்றா. நேத்து எது வெச்சாலும் சாப்பிடறேன்னவ, இன்னிக்கு என்ன சமையல்னு கேக்கறா. சேமியா பாயசம்தான் அவளுக்குப் பிடிக்கும், அதுக்குப் பால் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப அதை எப்படி அவ முன்னாடி கொண்டு போய் வெக்கறது? அவ சிரிச்சுக்கினே சாப்பிடுவா. முதல் ஸ்பூனை வாய்க்குக் கொண்டு போறப்போ ஒரு நிமிஷம் நிப்பா. அந்த ஒரு நிமிஷத்தை நான் பாக்க முடியாது.

என் கேள்வி இதுதான். அந்தப் பாயசத்தை என்ன பண்ணப் போற?

அந்த சீனை எடுத்தாச்சா? எப்ப? போன வாரமேவா? சரி. திரும்ப எடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும், அந்த நடிகை ஒரே நாள்ல மூணு வீட்டுல மாமியாரா இருக்கா. ஆனா அந்த ப்ரோமோவை நான் நாலு தடவை பாத்துட்டேன். புட்டியில என்ன இருக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் வாயால சொல்லல. பேர் ஒட்டல. வசனம் இன்னும் ஒண்ணுமே இல்ல, வெறும் இடிதான். டப்பிங் முடிஞ்சிடுச்சா? நாளைக்குத்தானே? அப்போ நாளைக்கு வரைக்கும் அது விஷம் இல்ல.

ஏலக்காய் எசன்ஸ்னு வை. கடையில அந்த அளவு புட்டியிலதான் விக்கறாங்க. தங்கச்சி வாயில வெச்சதும், ஏலக்காய் வாசனை இன்னும் அப்படியே இருக்குதேக்கான்னு சொல்லட்டும். தேவகி ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்குப் பேச வராது. உங்க ஆளுங்க ஒத்துக்கலைன்னா, பாக்கறவங்க ஏமாந்து போற மாதிரி ஒரு திருப்பம்னு சொல்லு. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவங்க ஒத்துப்பாங்க.

மாடிக்குப் போய் இப்பவே எழுது. எழுதினதும் கொண்டு வந்து காட்டு, தப்பிருந்தா திருத்திக் குடுக்கறேன். வீட்டு விஷயமா? எழுதறவளைப் பாதியில காலி பண்ணச் சொன்னா கதையை யாரு முடிப்பா? இனிமே எங்கிட்ட கேட்டுட்டு எழுது, அவ்ளோதான்.

ஞாயித்துக்கிழமை நீயும் கீழ வந்து சாப்பிடு. இல்ல, உன்னை யாருன்னும் சொல்லமாட்டேன், மாடிப் பொண்ணுன்னு மட்டும் சொல்றேன். ஆஷிஃபா முனுசாமி கார் வேணாம்னு ஆட்டோவுலதான் வர்றா, வர்றதுக்கு அவளே குடுத்துக்கறாளாம், திரும்பிப் போறப்போ நான் குடுக்கணுமாம். நேத்து போனை வெக்கறதுக்கு முன்னாடியே அதைக் கண்டிப்பா பேசி முடிச்சிட்டா. சரின்னுட்டேன்.