பத்து வருஷக் குருவி

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தொண்டூர் பஸ் கிளம்பக் காத்திருந்தது. என் முன் சீட்டில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, அப்போதுதான் வாங்கிய லவ் பேர்ட்ஸ் கூண்டை மடியில் வைத்திருந்தாள்.

"நைனா, திருப்பிக் குடுத்துடலாம்."

"இன்னாடி, ஒரு மாசமா அழுது வாங்கிட்டு?" என்றார் பக்கத்திலிருந்த அவள் அப்பா.

"பத்து வருஷம் உயிரோட இருக்கும்னு கடைக்காரரு சொன்னாரே. அதுவரைக்கும் தெனமும் நான்தானே தெனை, தண்ணி வைக்கணும்?"

"ஆமா."

"மறந்துட்டா?"

அவள் கம்பிக்குள் விரலை நீட்டினாள். பச்சைக் குருவி ஒன்று தயங்கித் தயங்கி வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் மூச்சுகூட விடவில்லை.

"நைனா, எடையே இல்ல. ஆனா காலு சூடா இருக்குது."

பிறகு கூண்டருகே குனிந்து, குருவியிடம் மெதுவாகச் சொன்னாள்:

"மறக்க மாட்டேன்."