கூண்டு இறங்கிய காலை

திரேஸ்புரம் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, மடியிலிருந்த குழந்தைக்குக் குல்லா போடும் அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“துறைமுகத்துல புயல் கூண்ட எறக்கிட்டாவளாம் மைனி. இனி புயல் இல்ல. இவிய கடலுக்குப் போறேன்னு நிக்காவ.”

“ஏளா, கூண்ட எறக்குனது ஆபீஸ்காரவிய. காத்த யாரு எறக்குனா? எந் தம்பிகிட்ட கேளு.”

“அப்பம் கூண்டு சும்மாவா? அது ஏறுனா கடலுக்குப் போவ டோக்கன் தரமாட்டேங்காவ. ஒரு போட்டு நவுராது.”

“போட்ட நிறுத்தும். அலைய நிறுத்துமா?”

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எம்.ஏ. படித்தவள்தான்; ஆனால் கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

இளையவள் தன் கணவனை, அதாவது மூத்தவளின் தம்பியை, போனில் அழைத்தாள்.

“இங்க பாருங்க, கூண்ட நம்பிப் போவாதீய. கரையில நின்னு கடலப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

பதிலைக் கேட்டதும் அவள் முகம் தெளிந்தது.

“என்னளா சொல்லுதான்?”

“கடலையும் பாக்கல, கூண்டையும் பாக்கல மைனி. ‘அக்காவா சொன்னா?’ன்னு கேட்டாவ. ஆமான்னேன். போட்டுலருந்து வலைய எறக்கி வச்சிட்டாவ.”