பிரவின்ராஜின் தலைமுடி

சாருக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கியிருக்கிறது. வகிட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் தெரியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம், கண் முதலில் அங்கேதான் போகிறது.

பிரவின்ராஜைப் பெரிய ராக் பாடகன் என்கிறார்கள். பாடினான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பானூர் ஓட்டலில் சப்ளையராக நின்றபோதே அவனுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. தொண்ணூற்று மூன்றில் விழிஞ்ஞம் பாறைமேல் எடுத்த முதல் வீடியோவில், தோள்வரை காற்றில் பறந்ததே, அது நான் கட்டிய விக். அதைப் பார்த்துத்தான் காலேஜ் பையன்கள் முடி வளர்த்தார்கள். அந்த மோகம் போனதும் குட்டை முடி வைத்து, நுனியில் செம்பட்டைச் சாயம் ஏற்றினேன். பிறகு காதோரம் நரை வைத்தேன். வயதாக ஆக அழகாகிறான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். சொர்ணம்மாள் என்று நான் ஒருத்தி இருப்பதை ஒருவனும் எழுதவில்லை.

இந்த வருடம் புதுப் பாட்டைக் கல்லாற்றில் எடுப்பதாக ஏற்பாடு. அதற்குச் சில நாள் முன்பு என் வீட்டுக்கு வந்தான்.

"போதும் அக்கா. பசை பட்டு தலையெல்லாம் புண்ணு. இந்தத் தடவ மொட்டத் தலையோட நின்னு பாடப்போறேன். ஆளுக என்னைப் பாக்கட்டு."

என்னைப் பார்க்கட்டும் என்கிறான். அப்படியென்றால் இத்தனை வருடம் அவர்கள் பார்த்தது யாரை? ஆனாலும் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

கல்லாற்றில், மேக்கப் வேனுக்குள், கடைசியாக ஒரு போட்டோவுக்கு மட்டும் விக் வைத்துக்கொள் என்று கேட்டேன்.

"உங்களுக்காக வச்சுக்கிடுதேன் அக்கா," என்று சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

வழக்கமான பசையை நான் கொண்டுபோகவில்லை. தச்சர்கள் பலகை ஒட்டுகிற பசையை வாங்கி வைத்திருந்தேன்.

"எரியுது அக்கா," என்றான்.

"பொறு, காயட்டு," என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தான். காயும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் கத்தியதை வெளியே இருந்தவர்கள் ஒத்திகை என்று நினைத்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்ததாகச் சொன்னீர்கள். வரத்தான் செய்யும். தெரிந்தேதான் செய்தேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

கட்டுப் பிரித்ததும் அவன் என்னைத்தான் கூப்பிடுவான் சார். அந்தத் தலையை மறைத்துக் கொடுக்க இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்?