ஒரே ஆட்டுக்கு இரண்டாம் ஊசி

என் பெயரும் விலாசமும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளன. வயது அறுபத்தெட்டு. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். செம்மறி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவருக்கும் நான் பக்கத்து வீட்டுக்காரி. "டீச்சர், நீங்க கூடவேதானே இருந்தீங்க, என்ன பாத்தீங்க?" என்று தம்பியின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கேட்டாள். அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

தம்பி தன் பங்கு ஆடுகளைப் பிரித்துக்கொண்டு தனியே போவதாக இருந்தது. அதற்குமுன் எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்றார் அண்ணன். ஊசி போட்ட ஆட்டின் முதுகில் நீலச் சாக்குக்கட்டியால் கோடு போட என்னைக் கூப்பிட்டார்கள், போனேன். அது தானியங்கி ஊசி. துப்பாக்கி போலக் கைப்பிடி, போடுகிறவர் கழுத்தில் தொங்கும் மருந்துப் பாட்டிலிலிருந்து ஒரு குழாய். ஒருமுறை அழுத்தினால் ஓர் ஆட்டுக்கான மருந்து இறங்கும். பிடியைத் தளர்த்தினால் அடுத்த ஆட்டுக்கானது தானே நிரம்பிக்கொள்ளும்.

காலையில் கால்நடை மருத்துவர் செய்து காட்டினார். ஒருவர் ஆட்டின் தலையைப் பிடிக்க வேண்டும், ஊசி போடுகிறவரே தன் இடது கையால் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்க வேண்டும் என்றார். அதன்பிறகு, "இது எண்ணெய் மருந்து. தவறி விரல்ல ஏறிட்டா மொதல்ல வலிக்காது. வலிக்கலையேன்னு உக்காந்துடாதீங்க, பாட்டிலோட ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இல்லேன்னா விரல் போயிடும்" என்றார். நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அவர் போனபிறகு தம்பி ஊசியை வாங்கிக் காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அண்ணன் அதைப் பிடுங்கி, "ஒரு ஆட்டுக்கு ஒரு அழுத்து. ஒரு சொட்டு வீணாகக் கூடாது" என்று கடிந்துகொண்டார். அதன்பிறகு மதியம்வரை மருத்துவர் சொன்னபடியே வேலை நடந்தது.

சாப்பிட்டு வந்தபிறகு அண்ணன் முறையை மாற்றினார். "எனக்கு இடது கை மரத்துப்போச்சு. தலையைக் கால்ல இடுக்கிக்கிட்டுத் தோலையும் நீயே தூக்கிப் புடி" என்றார் தம்பியிடம்.

"டாக்டர் அப்படிச் சொல்லலையே" என்றேன்.

"அவருக்கென்ன டீச்சர், சொல்லிட்டுப் போயிட்டார். முதுகு ஒடியறது எங்களுக்கு."

தம்பி சிரித்தான். "பாத்துண்ணே, எனக்குப் போட்டுடாதே. நான் மந்தையை விட்டுப் போறவன்."

"போறதுக்கும் போட்டுத்தானே அனுப்பணும்" என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு கறுப்பு முகமுள்ள பெட்டையாடு வந்தது. அது திமிறவில்லை. தம்பி தோலைத் தூக்கினான், அண்ணன் அழுத்தினார், தம்பி "ஸ்ஸ்" என்று கையை உதறினான். இடது கட்டைவிரலில் கடுகளவு ரத்தம். பாட்டிலோடு கிளம்பலாம் என்றேன். "சும்மா உரசல் டீச்சர். மருந்து ஆட்டுக்குள்ள போயிடுச்சு" என்றார் அண்ணன். வலிக்கவில்லை என்று தம்பியும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதன்பிறகு, கை மரத்துப்போனதாகச் சொன்ன அண்ணன், அதே ஆட்டின் தோலை அதே கையால் கிள்ளித் தூக்கி இன்னொருமுறை அழுத்தினார். "கோடு போடுங்க" என்றார். போட்டேன்.

மாலையில் விரல் வீங்கியது. அண்ணனும் தம்பியின் மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்; பாட்டிலை எடுத்துப்போகவில்லை. மருந்து ஏறவில்லை, வெறும் கீறல் என்று அண்ணன் சொன்னதால் கட்டுப் போட்டு அனுப்பினார்கள் என்று அவள் சொன்னாள். மறுநாள் விரல் கறுத்தது. கீறிப் பார்த்த ஆஸ்பத்திரி மருத்துவர் உள்ளே எண்ணெய் மருந்து இருந்ததாகச் சொன்னார். கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். உள்ளங்கை பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை. ஆட்டு மயிர் கத்தரித்துப் பிழைக்கிறவன் அவன்; இடது கையால் ஆட்டைப் பிடிக்காமல் கத்தரிக்க முடியாது.

மருந்து விரலில் ஏறியது தனக்குத் தெரியாது என்று அண்ணன் சொல்வதாக அறிகிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று சொல்லும் பிள்ளை, அதையே அழித்துவிட்டு மறுபடி போட்டால், முதலில் வந்த விடை தப்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஊசி தவறிப் பட்டதா என்பதை நான் சொல்ல முடியாது. அந்த ஆட்டுக்கு இரண்டாம்முறை போட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் ஏதுமில்லை என்று கையெழுத்திடுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள், உங்கள் சட்டைக் கையை இரண்டு விரலால் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, மூடிய பேனாவை இன்னொருவர் கையில் கொடுத்து, அந்தத் துணி மடிப்பில் குத்தச் சொல்லிப் பாருங்கள். விரலில் பட்டால் குத்தியவருக்குத் தெரிகிறதா என்று அவரையே கேளுங்கள்.

(ஒப்பம்)